மூடி இல்லாத குக்கர்

கார்த்திகா: ...போனை உங்க பக்கத்துலயே வைக்கிறேன் ஆன்டி. ரெக்கார்டு ஆகுது. சாதாரணமா பேசுங்க.

பவுனம்மாள்: சாதாரணமாத்தான் பேசிக்கிட்டிருந்தேன். நீ இதை வச்சதும்தான் கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி இருக்கு.

கார்த்திகா: டீ குடிங்க.

பவுனம்மாள்: என் வீட்டு டீயை எனக்கே உபசாரம் பண்றா பாரு. ஆமா, வாசல்ல என் பேரைச் சொன்னதும் அப்படி முழிச்சியே... ஏன்?

கார்த்திகா: மூச்சு வாங்குச்சு ஆன்டி. நாலு மாடி.

பவுனம்மாள்: லிப்ட் பாதி நாள் ஓடாது. சரி, என்ன ஆராய்ச்சின்னு சொன்ன?

கார்த்திகா: சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவங்களைப் பத்தி.

பவுனம்மாள்: யாரு அவங்க?

கார்த்திகா: நீங்கதான்.

பவுனம்மாள்: நானா? பெட்டாலிங் ஜெயாவுல இருந்து பூச்சோங் வந்தேன். லோரியில அரை மணி நேரம். பாஸ்போர்ட்கூட யாரும் கேக்கல. இதுக்கு இவ்வளவு நீளமான பேரா?

கார்த்திகா: ஆசைப்பட்டா வந்தீங்க?

பவுனம்மாள்: ...நாலாவது மாடிக்கு யாரு ஆசைப்பட்டு வருவா?

கார்த்திகா: அப்ப அந்தப் பேரு உங்களுக்குத்தான். பழைய கம்பத்தை, நீங்க இருந்த அந்தக் குடியிருப்பைப் பத்திச் சொல்லுங்க.

பவுனம்மாள்: தண்டவாளத்து ஓரம். எல்லாம் பலகை வீடு. இப்ப அங்க அடுக்குமாடி கொண்டோ நிக்குது. எங்க குழாயடி இருந்த இடத்துல நீச்சல் குளமாம். தண்ணி மட்டும் இடம்பெயரல, எழுதிக்க.

கார்த்திகா: எழுதிக்கறேன். அலமாரி மேல அந்தப் பெரிய குக்கர்... அரிசியா போட்டு வச்சிருக்கீங்க? மூடி எங்க?

பவுனம்மாள்: மூடி ஹலீமாகிட்ட.

கார்த்திகா: ...யாரு?

பவுனம்மாள்: பக்கத்து வீடு. நடுவுல ஒரு பலகைதான். குக்கர் ரெண்டு பேருக்கும் பொது. நோன்புக் கஞ்சியும் அதுல, பொங்கலும் அதுல. ஹலால் குக்கர்லா. கறின்னா அவ வாங்கிட்டு வந்தாத்தான் உள்ள போகும்.

கார்த்திகா: அப்புறம் மூடி எப்படி அவங்ககிட்ட...

பவுனம்மாள்: கழுவினதும் குக்கர் என் வீட்டுல, மூடி அவ வீட்டுல. எப்பவும் அப்படித்தான். ஒருத்திக்குத் தெரியாம ஒருத்தி ஆக்கித் தின்னக் கூடாதுன்னு.

கார்த்திகா: நல்ல நம்பிக்கை ஆன்டி.

பவுனம்மாள்: சிரிக்காத. வீட்டை உடைக்க வந்த அன்னிக்கு அவ மகன் அன்சார் லோரியோட வந்து நின்னான். நான் இந்தப் பக்கம் சாமான் கட்டிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாக்கறேன், அவளையும் மூடியையும் ஏத்திக்கிட்டு லோரி ரோட்டுல ஏறிடுச்சு. கத்தினேன். எஞ்சின் சத்தத்துல கேக்குமா?

கார்த்திகா: போன் நம்பர் இல்லையா?

பவுனம்மாள்: அடுத்த வீட்டுக்கு எதுக்கு நம்பர்? பலகையைத் தட்டினாப் போதும். இப்ப இங்க தட்டினா சீனன் வந்து நிக்கிறான். என்ன ஆன்டி, என்ன வேணும்னு.

கார்த்திகா: அந்த மூடியை இன்னும் வச்சிருப்பாங்களா?

பவுனம்மாள்: எனக்கென்ன தெரியும்? குக்கரை நான் அமுக்கிட்டேன்னு கோபத்துல இருப்பா. கோபம் இருந்தாக்கூடப் பரவால்ல... மறந்துட்டு, பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டிருப்பா.

கார்த்திகா: முன்னாடி ரெண்டு பேரு பேட்டிக்கு வந்தாங்களாம். நீங்க கதவே திறக்கலையாம். என்னை மட்டும் ஏன் உள்ள விட்டீங்க?

பவுனம்மாள்: உன் மூஞ்சி பாவமா இருந்துச்சு.

கார்த்திகா: ஆன்டி.

பவுனம்மாள்: ...நீ காப்பார் பக்கமெல்லாம் போனியாமே. கீழ கடைக்காரர் சொன்னாரு. அன்சார் அங்கதான் எங்கயோ வேலை செய்யறதாக் கேள்வி.

கார்த்திகா: அதுக்குத்தானா இந்த டீ, இந்த உளுந்து வடை?

பவுனம்மாள்: வடை ஆறுது, சாப்பிடு.

கார்த்திகா: யாருகிட்ட பேசினேன்னு நான் வெளிய சொல்லக் கூடாது ஆன்டி. யூனிவர்சிட்டியில கையெழுத்துப் போட்டிருக்கேன். சொன்னா என் படிப்பே போயிடும்.

பவுனம்மாள்: சரி, கேக்கல. ...உயரமா இருப்பா. சிரிச்சா வாயைப் பொத்திக்குவா.

கார்த்திகா: ஆன்டிலா.

பவுனம்மாள்: சரி சரி. உன் படிப்பு போக வேணாம்.

கார்த்திகா: உங்க பேரும் வராது. பொய்யா ஒரு பேரு வைக்கணும். நீங்களே சொல்லலாம்.

பவுனம்மாள்: மத்தவங்க என்ன வச்சாங்க?

கார்த்திகா: ஒருத்தங்க ரோஜா. ஒரு அங்கிள் புலின்னு போடச் சொன்னாரு.

பவுனம்மாள்: எங்க கம்பத்து ரெங்கசாமியா?

கார்த்திகா: சொல்ல மாட்டேன்.

பவுனம்மாள்: ரெங்கசாமிதான். பூனையைக் கண்டா ஓடுவாரு, புலியாம். ...எனக்கு ஹலீமான்னு போடு.

கார்த்திகா: நெத்தியில இவ்வளவு பெரிய பொட்டை வச்சுக்கிட்டா?

பவுனம்மாள்: உன் போனுக்குப் பொட்டு தெரியுமா? போடு. என்னிக்காவது யாராவது அவளுக்குப் படிச்சுக் காட்டினா... குக்கர் கதை, என் வாய், அவ பேரு. புரிஞ்சுக்குவா. நான் கோபமா இல்லன்னு.

கார்த்திகா: ஒரு நிமிஷம் ஆன்டி, ரெக்கார்டை நிறுத்திக்கறேன்.

பவுனம்மாள்: என்ன, போனை அணைச்சிட்ட? அந்தப் பேரு ஆகாதா?

கார்த்திகா: ஆகும் ஆன்டி. உண்மைப் பேரைத்தான் நான் வெளிய சொல்லக் கூடாது. பொய்ப் பேரைச் சொல்லலாம், அது எப்படியும் ஆராய்ச்சியில வரப்போகுது. காப்பார்ல ஒரு ஆன்டி... முக்காடு போட்டவங்க. அடுப்படி ஆணியில வெறும் குக்கர் மூடியை மட்டும் மாட்டி வச்சிருக்காங்க. என்ன பேரு போடட்டும்னு கேட்டேன். பவுனம்மாள்னு போடுன்னாங்க.