மைனஸ் எண்ணூத்தி எண்பத்திரண்டு

— அப்ப நான் மைனஸுங்கிறே.

— நீங்க மைனஸ் இல்ல அண்ணாச்சி. உங்க டோக்கன் நம்பர்தான் மைனஸ்.

— ஏலே சௌந்தரபாண்டி, நான் ஒண்ணு கேக்கேன். முப்பத்தோரு வருசமா இந்த மில்லுல ஸ்பின்னிங்ல நிக்கேன். ஒம்பது வருசமா சங்கத் தலைவரு. என் பித்தளை வில்லையில அறுபத்துநாலாயிரத்து நூத்திப் பதினெட்டுன்னு அடிச்சிருக்கு. முதல் ரெண்டு எண்ணு நான் சேந்த வருசம். நீ இன்னைக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டின வருகைப் பட்டியல்ல என்ன இருக்கு? மொக்கைச்சாமி, மைனஸ் எண்ணூத்தி எண்பத்திரண்டு. இது என்னலே கணக்கு?

— கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற நம்பர் அது. பிரிண்ட் எடுக்கையில திருப்பிக் கூட்ட மறந்துட்டேன். அம்புட்டுதான்.

— மறக்கிறவன் எல்லாருக்கும்ல மறக்கணும் தம்பி? எனக்கு மைனஸ் இல்ல. எங்க வீட்டுல அவியளுக்கு மட்டும் இருக்கு.

— அங்காளம்மாக்கா, உங்களுக்கும் தப்பாத்தான் வந்திருக்கு. எழுபத்தெட்டாயிரத்து இருநூத்திப் பத்து, போர்டுல பதிமூவாயிரத்து இருநூத்திப் பத்துன்னு இருக்கும். நீங்க பாக்கல போல.

— பாத்தேன். மைனஸ் இல்லைன்னு பேசாம விட்டுட்டேன். அவியதான் காலையில இருந்து வில்லையைத் துடைச்சுத் துடைச்சுப் பாக்காக, அந்தக் கோடு அழுக்குக்குள்ள இருக்கோன்னு.

— உங்க வீட்டுக்காரரு கருத்தப்பாண்டி அண்ணாச்சி ரொம்ப யோசிக்கிறாரு.

— சிரிக்காதலே. வெளிய பாரு. ரெண்டு மணிச் சங்குக்கு இன்னும் பத்து நிமிசம். ரெண்டாம் ஷிப்ட் பூரா கேட்டுக்கு வெளிய நிக்கான். ஒருத்தனும் உள்ள கால் வைக்க மாட்டேங்கிறான்.

— எதுக்கு?

— எதுக்கா? முப்பது வருசம் முடிச்சவனை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போறாகன்னு ஒரு மாசமாப் பேச்சு அடிபடுது. மேனேஜர்கிட்டக் கேட்டா அப்படி ஒரு எண்ணமே இல்லைங்காரு. இன்னைக்கு நீ ஒட்டினதுல அறுபத்துநாலு வரைக்கும் சேந்தவன் அம்புட்டுப் பேருக்கும் மைனஸ். அறுபத்தஞ்சுல சேந்தவனுக்கு இல்ல. கழிச்சுக் கட்டுற ஆளுகளுக்குக் கழித்தல் குறி போட்டாச்சுங்கிறாக. நான் உள்ள போகச் சொல்லவா, வேண்டாங்கவா?

— போகச் சொல்லுங்க.

— நீ சொல்லிருவே. அது ஆளைக் கழிக்கிற லிஸ்ட்டா இருந்தா, நானே முன்னால நின்னு ஆளுகளைப் பலி கொடுத்தவனாயிருவேன். இல்லாம இருந்து சும்மா நிப்பாட்டினா, நாளைக்கு ஒரு பய எம் பேச்சைக் கேக்க மாட்டான். அதனால எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு.

— சிம்பிளாச் சொன்னா…

— அப்படி ஆரம்பிச்சாத்தான் பயமாருக்கு.

— அக்கா, செத்த பொறுங்க. அண்ணாச்சி, இது எல்லாத்துக்கும் காரணம் நீங்கதான்.

— நானா?

— போன பொங்கலுக்கு முன்னால கேட்டுல ஒரு ஆளுக்கு எம்புட்டு நேரமாச்சு?

— நாலு செகண்டு. ஒருத்தன் நம்பரை அடிச்சா உன் பெட்டி கொட்டாவி விட்டு எந்திரிக்கும். வரிசை வன்னியம்பட்டி வரைக்கும் போகும். சைக்கிள்ல முப்பது நிமிசம் மிதிச்சு நேரத்துக்கு வந்தவனுக்குக் கூட லேட்டுன்னு போட்டாக.

— அப்ப இதே ரூம்ல நின்னு என்ன சொன்னீக?

— வில்லிபுத்தூர்ல மாடிப்படிக்குக் கீழ படிச்ச கம்ப்யூட்டர் இப்படித்தான் ஓடும்னு சொன்னேன்.

— மாடியில அண்ணாச்சி. படிக்குக் கீழ சைக்கிள் ஸ்டாண்டு. ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணலைன்னா பெட்டியைத் தூக்கிக் கண்மாய்ல போடுவேன்னீக. பண்ணினேன். இப்ப கேட்டுல எம்புட்டு நேரம்?

— அடிச்ச கை எடுக்கும் முன்ன வந்துருது. அதை நான் இல்லைங்கலையே.

— எப்படி வருது? நூல் கோன் பெட்டியை கோடவுன்ல இருந்து ட்ராலில தள்ளிட்டு வாரீக. பெரிய பெட்டின்னா ஒரு நடைக்கு எம்புட்டு?

— ஆறு.

— சின்னப் பெட்டின்னா?

— அறுபது கூட அடுக்கலாம்.

— கம்ப்யூட்டருக்குள்ளயும் அதான். டிஸ்க்குங்கிறது கோடவுன். மெமரிங்கிறது நாம நிக்கிற இடம். நாலு எம்பிதான் வாங்கிக் கொடுத்தாக. நீங்க டோக்கன் காட்டினா, கடைசியா எப்ப உள்ள வந்தீக, எப்ப வெளிய போனீகன்னு தேடணும். ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து இருநூறு வரி. ரெண்டு வருசத்துல பதிமூணு லட்சம் வரி. ஒவ்வொரு வரியிலயும் டோக்கன் நம்பருக்குன்னு ஒரு பெட்டி.

— நீ எம்புட்டுப் பெரிய பெட்டி வச்சே?

— முதல்ல இருபது எழுத்துப் பெட்டி.

— அஞ்சு எண்ணுக்கு இருபது எழுத்தா?

— மில்லு வளரும்னு நெனச்சேன்.

— தம்பிக்கு நல்ல மனசு.

— பொறவு எழுத்தா வைக்காம எண்ணா மாத்தினேன். நாலு பைட் ஆச்சு. வேகம் வந்துச்சு, ஆனா நீங்க கேட்ட வேகம் வரல. அதுக்கும் சின்னதா ஒண்ணு இருக்கு, ஸ்மால் இன்டிஜர். ரெண்டே பைட். அதுல வச்சா ஒரு நடையில நெறைய வரி வருது. தேடுற அட்டவணையில பெரும்பகுதி மெமரியிலயே நின்னுக்கிடுது. கோடவுனுக்கு நடக்கிற நடை மிச்சம்.

— நல்லதுதானே. மைனஸ் எங்க வந்துச்சு?

— சின்னப் பெட்டியில முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தேழுக்கு மேல புடிக்காது. உங்க நம்பரே அறுபத்துநாலாயிரம்.

— அப்ப எங்களை அதுல திணிச்சது தப்புதானே?

— திணிக்கல. சைபருக்குக் கீழயும் அம்புட்டு இடம் இருக்கு அண்ணாச்சி, மைனஸ் பக்கம். அதைச் சும்மா போட்டு வச்சா, வத்திராயிருப்பு பஸ்ஸுல ஒரு பக்க சீட்டுல மட்டும் ஆளை ஏத்திட்டு மறுபக்கத்தைக் காலியா ஓட்டுற மாதிரி. அதனால எல்லார் நம்பர்லயும் அறுபத்தஞ்சாயிரத்தைக் கழிச்சு உள்ள வச்சேன். பழைய ஆளுக சைபருக்குக் கீழ, புது ஆளுக மேல. திரையில காட்டும்போது மறுபடி அறுபத்தஞ்சாயிரத்தைக் கூட்டிக் காட்டிரும். போர்டுல ஒட்டின பிரிண்ட்டுல அந்தக் கூட்டலை விட்டுட்டேன்.

— எங்க, என் நம்பரை அடி பாப்போம்.

— நீங்களே அடிங்க. கேட்டுல இருக்கிற அதே திரைதான்.

— ஆறு… நாலு… ஒண்ணு… இன்னொரு ஒண்ணு… எட்டு. அட, முழுசா வருது. மொக்கைச்சாமி, ஸ்பின்னிங். கோட்டைக் காணோம்.

— நேத்துச் சேந்தானே சிவனாண்டி மகன், தொண்ணூத்தஞ்சாயிரத்து முப்பத்தொண்ணு. உள்ள அவன் முப்பதாயிரத்து முப்பத்தொண்ணு. அவனுக்கு என்ன, முப்பதாயிரம் மரியாதை கூடவா இருக்கு? என் நம்பர்லயும்தான் கழிச்சிருக்கேன். கம்ப்யூட்டருக்கு மைனஸும் ஒரு சீட்டுதான்.

— அங்காளம்மா, நீ என்ன சொல்லுதே?

— சீட்டு, பஸ்ஸுங்கிறான், பெட்டிங்கிறான். பொய் சொல்ற மூஞ்சியாத் தெரியல. இம்புட்டுப் பேசுறவனுக்குப் பொய் சொல்ல எங்க நேரம்?

— நான் ஒண்ணு கேக்கேன்லே. இந்தக் கழித்தலை நெசமாவே வேகத்துக்குத்தான் பண்ணினியா?

— எங்க அம்மா சத்தியமா வேகத்துக்குத்தான். நீங்க பெட்டியைக் கண்மாய்ல போட்டுருவீகன்னு பயந்து பண்ணினது.

— சரி. நாளைக்குக் காலையில சரியான நம்பரோட வேற பட்டியல் ஒட்டிரு.

— சாயந்தரமே ஒட்டிருதேன்.

— அந்த ஜன்னலைத் தெற. ஏலே கண்ணுச்சாமி! கண்ணுச்சாமி! ஒண்ணுமில்லலே, பிரிண்ட்டுல தப்பாயிப்போச்சாம்! நான் பாத்துட்டேன்! எல்லாரையும் உள்ள போகச் சொல்லு! ஆமா, நான் பொறுப்பு!

— சங்கும் ஊதியாச்சு.

— போறானுகளா?

— போறாக அண்ணாச்சி. கருத்தப்பாண்டி அண்ணாச்சிதான் முதல் ஆளாப் போறாரு. பாருங்க, வரிசை நிக்கவே இல்ல. இருநூறு பேர் ரெண்டு நிமிசத்துல உள்ள. முன்னால பதிமூணு நிமிசம்.

— கெட்டிக்காரன்லே நீ. அன்னைக்கு ஏசினதை மனசுல வச்சுக்காத. வா அங்காளம்மா, போவோம்.

— செத்த இருங்கண்ணே. தம்பி, நான் எட்டாப்பு. தப்பாக் கேட்டா சொல்லு. புதுசாச் சேந்த பய தொண்ணூத்தஞ்சாயிரம். முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்துச் சொச்சத்துக்குள்ள அவன் அடங்கணும்னா, அறுபத்துநாலாயிரத்தைக் கழிச்சாலே அடங்கிருவானே?

— தாராளமா அடங்குவான்க்கா. அடுத்த வருசம் சேர்றவனுக்கும் இடம் இருக்கும்.

— அப்படிக் கழிச்சிருந்தா மொக்கைச்சாமி அண்ணனுக்கு?

— ப்ளஸ் நூத்திப் பதினெட்டு.

— பொறவு என்னத்துக்கு அறுபத்தஞ்சு?

— நான் அறுபத்துநாலுதான்க்கா போட்டிருந்தேன். போன வாரம் மேனேஜர் வந்து பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டாரு, அறுபத்தஞ்சா மாத்துன்னாரு, மாத்தினேன், ‘இப்ப மைனஸ் வர்ற ஆளுக பேரை மட்டும் எடு, உன் வேகத்தைப் பாப்போம்’னாரு, இருநூத்திப் பன்னெண்டு பேரு ஒரே செகண்டுல வந்து விழுந்தாக, மனுசன் அசந்துபோயி அந்தப் பேப்பரை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.