மாந்தோப்புக் கிணற்று இரும்பு

சப்பட்டை மாம்பழத்தை மரத்திலேயே பழுக்க விடக்கூடாது, ஜோயல் சார். முற்றிய காயாகக் காம்போடு பறித்து வைக்கோலில் வைக்க வேண்டும். என் தங்கை கல்பனாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். மம்சாபுரத்துத் தோப்பை அவள் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். அதற்குப் பின்னால் நான் இருந்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அம்மா இறந்தபோது கல்பனா சின்னப் பிள்ளை. தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து எல்லாம் நான்தான். எனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டேன். வருகிறவள் இவளை எப்படி வைத்துக்கொள்வாளோ என்ற யோசனை. ராஜபாளையத்தில் லாரிப் பட்டறை போட்டேன். பாண்டிதுரை அங்கே வண்டி வேலைக்கு வந்து பழக்கமானவன். சொந்தமாக ஓர் ஆறு சக்கர லாரி வைத்திருந்தான். நல்ல பையன். குடிக்க மாட்டான். கல்பனாவை அவனுக்குக் கொடுத்ததும் நான்தான்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஓசூருக்குக் குடிபோகப் போவதாகச் சொன்னான். அங்கே கம்பெனிகளில் வருடம் முழுக்க லோடு கிடைக்குமாம்.

"கல்பனாவும் சரின்னுட்டா மச்சான். நீங்க எப்ப வேணும்னாலும் வந்துட்டுப் போங்க" என்றான்.

வந்துவிட்டுப் போவதற்கு நான் யார் சார், விருந்தாளியா? ஆனால் அப்படிக் கேட்கவில்லை. "போறதுக்கு முன்னாடி வண்டியத் தோப்புக்குக் கொண்டா, பின்பக்கம் சத்தம் வருதுல்ல, பாத்துருவோம்" என்றேன். ஆடிப்பூரத்தன்று கொண்டுவந்தான். கல்பனாவைத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே பஸ் ஏற்றிவிட்டிருந்தேன். சுற்றுவட்டாரமே அங்கேதான் இருந்தது. தோப்பில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பின்சக்கரங்களைக் கழற்றி, அச்சை ஜாக்கியில் தூக்கி, பக்கத்துக்கொரு மரக்கட்டை கொடுத்தேன். அவன் அடியில் படுத்து ஷாஃப்ட் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான். ஓசூரில் பார்த்து வைத்திருக்கும் வீட்டைப் பற்றிப் பேசினான். பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதாம், கல்பனா செடி வைப்பாளாம். நான் கட்டைகளை உருவினேன். பிறகு ஜாக்கியை இறக்கினேன். பின்னச்சின் நடுவில் உருண்டையாக இருக்குமே, ஹவுசிங், அது அவன் நெஞ்சில் உட்கார்ந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. மோட்டாரை நிறுத்தக் கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

தோப்பில் இன்னொரு கிணறு உண்டு. வெகுநாளாக வறண்டு கிடந்தது. அவனை அதில் இறக்கினேன். லாரியைக் கேஸ் வைத்து வெட்டினேன். நான் லாரி வெட்டுவதை யார் விசித்திரமாகப் பார்க்கப்போகிறார்கள்? மாமரத்துக்கு மருந்து அடித்திருக்கிறது, வராதே என்று கல்பனாவிடம் சொல்லி வைத்தேன். நம்பர் அடித்த சேஸ், இன்ஜின், கியர் பாக்ஸ், ஹவுசிங், ஸ்பிரிங் பட்டை எல்லாம் கிணற்றுக்குள் போயின. மேலே மண் தள்ளி முருங்கை வைத்தேன்.

அவன் அவசர லோடுக்கு ஓசூர் போயிருப்பதாகக் கல்பனாவிடம் சொன்னேன். போன் எடுக்கவில்லை என்று அழுதாள். அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் புகார் கொடுக்க வைத்தேன். ஓசூருக்கும் போய்வந்தோம். கொஞ்ச நாள் கழித்து, அவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் இருப்பதாக டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். அதற்குப் பிறகு அழவில்லை. துக்கத்தைவிடக் கோபம் உடம்புக்கு நல்லது, சார். நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கும் மதியத்துக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள்.

நடுவில் சோழபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் அவளைக் கட்டிக்கொள்வதாகக் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், மரியாதையான மனிதர். புருஷன் உயிரோடு இருக்கும்போது எப்படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கல்பனா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாலியைக் கழற்று என்றும் நான் அவளிடம் சொன்னதில்லை. அது அவள் விருப்பம்.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்ததால் பழைய கிணற்றைத் தூர்வாரலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் கேட்கவில்லை. நான் பட்டறையில் இருந்தபோது ஜேசிபியை வரவழைத்துவிட்டாள். இரும்பு வர ஆரம்பித்ததும், திருட்டு லாரியாக இருக்கும் என்று ஜேசிபி ஓட்டிய ராம்கி ஸ்டேஷனுக்கு, உங்களுக்குப் போன் போட்டான். நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாத வண்டியா? இதெல்லாம் என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள்.

முதலில் பட்டைகளைக் காட்டினீர்கள். டிராக்டர் டிரெய்லருடையது என்றேன். அடுத்து ஹவுசிங் வந்தது. மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். இதை டிராக்டர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழில் அப்படி. "ஆறு சக்கர லாரி சார், பின்னச்சு" என்றேன். துருவுக்கு அடியில் நம்பர் கிடைக்குமா என்று கேட்டீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தெரியும் என்று அதையும் சொன்னேன்.

அப்போதுதான் ஸ்டீயரிங் வந்தது. கூடை பின்னுகிற ஒயரால், பச்சையும் வெள்ளையுமாக, வளையம் முழுக்கப் பின்னியிருந்தது. கல்யாணமான புதிதில் கல்பனா பின்னிக்கொடுத்தது. வெட்டும்போதே அந்த ஒயரை எரித்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. அவள் கஷ்டப்பட்டுப் பின்னியது என்று விட்டுவிட்டேன்.

எல்லாருக்கும் டீ கொண்டுவந்தவள் அதைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஒயரின் மண்ணைப் பெருவிரலால் துடைத்தாள். முடிச்சு முடிச்சாகத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, அவிய எங்க?"

நான் கையில் ஒட்டியிருந்த துருவை வேட்டியில் துடைத்தேன்.

"எங்கண்ணே அவிய?"

"இன்னும் செத்த ஆழம் தோண்டணும், தாயி" என்றேன்.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்தது. நான் ஓடவில்லை, உங்கள் ஜீப்பில் நானே ஏறி உட்கார்ந்தேன். ஆமாம், பாண்டிதுரையைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கல்பனாவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் சார். என்னைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஸ்டேஷனுக்கெல்லாம் தனியாக வந்து அவளுக்குப் பழக்கமில்லை. வழி தெரியாமல்தான் இன்னும் வராமல் இருக்கிறாள்.