ஊருக்குள்ள ஓட்டுறதுக்கு மட்டும்

ஹலோ... ஹலோ... ஆ, நான்தான். ... ஆமா, நானேதான். என்ன, முதல் ரிங்லயே எடுத்துட்டீங்க? போன கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்களா?

... இருக்கேன். ... ம். ... அவளும் நல்லா இருக்கா. ... ஐயோ, குசலம் விசாரிக்கக் கூப்பிடலங்க. எட்டு மாசமா விசாரிக்காத குசலத்த இப்ப நடுரோட்டுல வெச்சு விசாரிக்க வேணாம். புருஷன் வீட்ட விட்டு வந்தவ அதே புருஷனுக்குப் போன் பண்றான்னா வேற வழியில்லாமத்தான் பண்ணுவா. நீங்க குடுத்த கார் இருக்கே, அதப்பத்திக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.

ஹீட்டர். ... ஹீட்டருங்க. சூடு நிக்கவே மாட்டேங்குது.

... ஆமா ஆமா, நாபைத் திருப்பிட்டேன். நீலப் பக்கம் கடைசி வரைக்கும் திருப்பியாச்சு. ... ஃபேனையும் நிறுத்தியாச்சு. ... நிறுத்தினாலும் வருது. வண்டி ஓட ஓட வருது. காலுக்குக் கீழ அடுப்பு மூட்டி வெச்ச மாதிரி இருக்கு.

... தெரியும், தெரியும். முன்னாடி எங்க அத்தான விட்டுக் கேட்டப்பவே சொல்லி அனுப்பினீங்க. 'அந்த மாடல் அப்படித்தான், கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டு'ன்னு. 'வேற எவன் கையும் அந்த வண்டி மேல படக்கூடாது'ன்னும் சொன்னீங்க. வண்டி மேல இருக்குற அக்கறைன்னு நெனச்சு நானும் யார்கிட்டயும் காட்டல. அக்கா வீட்டுலேருந்து வேலைக்குப் பத்து நிமிஷம், திரும்பப் பத்து நிமிஷம். அதுக்குத் தாங்குச்சு. இன்னிக்கு ரெண்டு மணி நேரமா ஓட்டுறேன். வெளியில வெயிலு, உள்ள ஹீட்டரு. பின் சீட்டுல உங்க பொண்ணு ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா.

... பதறாதீங்க, இப்பப் பரவாயில்ல. ஒரு பெட்ரோல் பங்க் நிழல்ல உக்கார வெச்சிருக்கேன். தலையில ஈரத்துண்டு போட்டிருக்கேன். ... அவகிட்ட அப்புறம் பேசலாம். முதல்ல இதுக்கு வழி சொல்லுங்க. நீங்க மெக்கானிக். ஊரு வண்டியெல்லாம் உங்க ஷெட்டுலதான் வந்து நிக்குது. இந்த ஹீட்டர எப்படி நிறுத்துறது?

... எங்க போறேன்னு இப்ப எதுக்கு? ... வேலைக்குப் போறேன். நாலு மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். வேலை மட்டும் இல்ல. தங்குறதுக்கு ஒரு வீடு, பாப்பாவுக்கு அங்கயே பள்ளிக்கூடத்துல சீட்டு. மூணும் சேந்து வந்திருக்கு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையக் கூடாது, அதான் கேக்குறேன். ... விடுதி வார்டன். ... சிரிங்க. நல்லாச் சிரிங்க. 'ஒரு பிள்ளைய மேய்க்கத் தெரியல, நூறு பிள்ளைய மேய்க்கப் போறியா'ன்னுதானே? கேட்டுக் கேட்டுக் காது காய்ச்சுப் போச்சு. வேற புதுசா ஏதாவது சொல்லுங்க.

... ஃபியூஸா? ... ஸ்டீரிங்குக்குக் கீழ இருக்குற டப்பாவா? ... ஹீட்டர் சூட்டுக்கும் ஃபியூஸுக்கும் என்னங்க சம்பந்தம்? ஃபியூஸ் ஃபேனுக்குத்தானே? ஃபேன்தான் நின்னு போச்சே. ... என்னங்க, பன்னண்டு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். சாப்பிடுற எடத்துல கார்புரேட்டரப் பிரிச்சுப் போட்டு உக்காருவீங்க, தட்டு வைக்க எடம் இருக்காது. அம்மி பக்கத்துல கெடந்த கல்லுக்குக் கூடக் கொஞ்சம் வாசனை ஒட்டியிருக்கும்.

... பானட்டத் தொறக்க வேணாமா? ஏன்? ... சுடும்னு எனக்கும் தெரியும். இங்க டயருக்குக் காத்து அடிக்கிறவர் ஒருத்தர் இருக்கார், பாவம், பிள்ள வாந்தி எடுக்குறதப் பாத்துட்டு ஓடி வந்தார். அவர் ஏற்கெனவே தொறந்துட்டார். ... ஏன், தொறந்தா என்ன? இருங்க, என்னமோ காட்டுறார்.

சொல்லுங்கண்ணே. ... எது? ... இந்த ரெண்டு ரப்பர் குழாயா?

... ஆங், கேளுங்க. என்ஜின்லேருந்து சுடுதண்ணி இந்தக் குழாய் வழியாத்தான் ஹீட்டருக்குப் போகுதாம். நடுவுல ஒரு வால்வு இருக்கு. உள்ள நாபைத் திருப்பினா ஒரு கேபிள் இழுத்து அந்த வால்வ மூடணுமாம். ... ஆமா, உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாததா? நான் பாக்குறதச் சொல்றேன், கேளுங்க.

பாப்பா! ... உள்ள ஏற வேணாம்டா, ஜன்னல் வழியாக் கைய விட்டு அந்த நாபைத் திருப்பு. நீலத்துக்கு. ... இப்ப செவப்புக்கு. ... போதும், நிழலுக்குப் போ.

கேபிள் நல்லாத்தான் ஆடுது. ஆனா வால்வுல மாட்டல. ... கழண்டு விழலங்க. கழட்டி விட்டிருக்கு. தானா விழுந்தது விழுந்த எடத்துல தொங்கும். இது பக்கத்து ஒயரோட சேத்து வெச்சு டேப் சுத்தியிருக்கு. அழகா.

... இருங்க. வால்வோட கைப்பிடியில ஒரு கம்பி இருக்கு.

... கம்பிங்க. கட்டுக்கம்பி. மூட முடியாதபடி இழுத்து வெச்சுக் கட்டியிருக்கு.

... கம்பெனியிலயா? எந்தக் கம்பெனிக்காரன் கட்டுக்கம்பி போட்டு வண்டிய வெளிய விடுறான்? ... பழைய ஓனரா? ... சரி, பழைய ஓனர்னே வெச்சுக்குவோம்.

ரெண்டு முறுக்கு. முனைய மடக்கி உள்ள சொருகி, பிளேயரால ஒரு அமுக்கு. யார் கையிலயும் குத்தாம. ... பேசுங்க. இதுவும் பழைய ஓனர் கட்டினதா? நம்ம வீட்டுத் துணிக்கொடி, வாசக் கேட்டோட கொண்டி, உங்கம்மா கட்டில் கால், பாப்பா சைக்கிள் கூடை... எல்லாத்துலயும் இதே ரெண்டு முறுக்கு, இதே மடிப்பு. உங்க கையெழுத்த விட இந்தக் கட்டு எனக்கு நல்லாத் தெரியும்.

... சரி, எதுக்குக் கட்டினீங்கன்னு அப்புறம் கேட்டுக்கறேன். டிக்கியில கட்டிங் பிளேயர் இருக்கு. வெட்டி விட்டுட்டா சூடு நின்னுரும்ல? அண்ணே, அந்த பிளேயர...

... ஏன் கத்துறீங்க? ... வெட்டக் கூடாதா? ... ஏன்? ... ம். ... ம். ... மெதுவாச் சொல்லுங்க.

... ரேடியேட்டர் அடைச்சிருக்கு. ... ம். ... என்ஜின் சூடு வெளிய போக வழி இல்ல. ... ஹீட்டர் தொறந்திருந்தா அதுல பாதி வண்டிக்குள்ள எறங்கிரும். ... மூடினா பத்து கிலோமீட்டர்ல தண்ணி கொதிச்சு என்ஜினே போயிரும். ... புரியுது, புரியுது. நல்லாவே புரியுது. என்ஜின் பொழைக்கணும்னா உள்ள உக்காந்திருக்குறவங்க வேகணும்.

எப்ப கட்டினீங்க? ... எப்பன்னு கேட்டேன். ... குடுக்குறதுக்கு முந்தின நாளா.

அப்ப மறுநாள் உங்க பெரியப்பா, எங்க அத்தான், இன்னும் நாலு பேரு கூடத்துல உக்காந்திருக்க, எந்திரிச்சு வந்து சாவிய நீட்டினீங்களே! 'அவ ஒண்ணும் கேக்கல, நானாத்தான் குடுக்குறேன். பிள்ளைய வெச்சுக்கிட்டு அலையக் கூடாது'ன்னு. உங்க பெரியப்பாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு. எங்க அத்தான், எனக்காகப் பேச வந்த மனுஷன், அவரே என்னப் பாத்து, 'இப்படி ஒரு ஆள விட்டுட்டு வர்றியேம்மா'ன்னார். நானும்... மறைக்க மாட்டேன், நானும் அன்னிக்கு ஆடித்தான் போனேன். அக்கா வீட்டுக் கூடத்துல பாய் விரிச்சுப் படுக்குறப்ப எல்லாம் நெனப்பேன், அவசரப்பட்டுட்டோமோ, அந்த மனுஷனுக்குள்ள ஈரம் இருந்துச்சேன்னு.

... ரேடியேட்டர் சுத்தம் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? ... எனக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும். ... அரை நாள். வேத்து ஆளு வண்டின்னா அரை நாள்ல கழுவி மாட்டி, வந்தவருக்கு ஒரு டீயும் வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பீங்க. பொண்டாட்டி பிள்ள போற வண்டிக்கு ஒரு முழம் கம்பி.

... நேரம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. டேப் சுத்த நேரம் இருந்திருக்கு.

... என்ன?

... திரும்பச் சொல்லுங்க. லாரி போச்சு, கேக்கல. ... இல்ல, கேட்டுச்சு. இன்னொரு வாட்டி சொல்லுங்க.

... ஊருக்குள்ள ஓட்டத் தாங்கும். ... ம். ... தூரமாப் போனா நின்னுரும். ... நின்னா உங்களத்தான் கூப்பிடுவேன். ... நீங்க வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு.

...

ஓ.

அதான் முதல் ரிங்லயே எடுத்தீங்களா? எட்டு மாசமா இந்த ஒரு போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. அதான் இருக்காளா செத்தாளான்னு ஒரு வார்த்தை கேக்கல. எதுக்குக் கேக்கணும்? மாட்ட முளைக்குச்சியில கட்டிட்டு வந்தவன், கயிறு எவ்வளவு நீளம்னு தெரிஞ்சவன், நிம்மதியாத் தூங்க வேண்டியதுதானே?

... பாசமா? ... இதுக்குப் பேரு பாசமா? பிள்ளையக் கிள்ளிவிட்டுத் தொட்டில ஆட்டுற வேலைக்குப் பாசம்னு எப்பப் பேரு வெச்சாங்க? ... அழாதீங்க. ... அழாதீங்கன்னா! நீங்க அழுதா நான் எறங்கி வந்துருவேன்னு உங்களுக்குத் தெரியும். பன்னண்டு வருஷமும் எறங்கித்தான் வந்தேன். இன்னிக்கு அழாதீங்க.

சரி, என்ன விடுங்க. பிள்ள? ... அவளும் இந்த வண்டியிலதான் உக்காருவான்னு தெரியாதா? வேற எங்க விட்டுட்டுப் போவேன்? அவ என்ன சொன்னா தெரியுமா? மழக்காலத்துல, எல்லாரும் வெடவெடன்னு நடுங்குறப்ப, இவ வண்டிக்குள்ள கால நீட்டிக்கிட்டு, 'நமக்குக் குளிரக் கூடாதுன்னுதாம்மா அப்பா இப்படி செஞ்சு குடுத்திருக்கார்'னா. அக்கா பசங்ககிட்டப் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. இன்னிக்கு வாந்தி எடுத்து வாயக் கூடத் தொடைக்கல, 'அப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா'ங்குறா. இந்தப் பிள்ளையத்தான் நீ வேக வெச்சிருக்க.

... ஆமா, 'நீ'தான். ... வருது, என்ன பண்ணச் சொல்ற? பன்னண்டு வருஷமா வராதது இப்ப வருது.

கேளு. ஒரே ஒரு கேள்வி. மெக்கானிக்காப் பதில் சொல்லு, புருஷனா வேணாம். இன்னும் நூத்தி இருபது கிலோமீட்டர் இருக்கு. நடுவுல ஒரு மலை ஏத்தம். ஹீட்டர் இப்படியே தொறந்து கெடக்கட்டும், அங்கங்க நின்னு நின்னு போறேன். வண்டி போய்ச் சேருமா?

...

சேராது.

அண்ணே, இந்த வண்டி ஏத்தம் ஏறாதுங்கறார். நீங்க என்ன சொல்றீங்க? ... ம். ... ம். சரிண்ணே. ... அவரும் அதையேதான் சொல்றார். உன் வார்த்தைய இன்னொருத்தர்கிட்டக் கேட்டு சரி பாத்துக்க வேண்டியிருக்கு, பாத்தியா? அதுவும் இன்னிக்குத்தான் முகம் பாத்த மனுஷன்கிட்ட.

... இங்கயே நிக்கணுமா? ... ஆமா, ஏத்தத்துக்கு முந்தி வர்ற பங்க்தான். ... ஒண்ணரை மணி நேரத்துல வந்துருவியா? ... வந்து? ... ம். நீ வந்து ரேடியேட்டரக் கழட்டி மாட்டுறதுக்குள்ள நாலு மணி தாண்டிரும். வேலை போயிரும், வீடு போயிரும், சீட்டு போயிரும். அப்புறம் நாலு பேரு முன்னாடி, 'நடுரோட்டுல நின்னவள நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்'. உங்க பெரியப்பா மறுபடியும் கண்ணத் தொடைப்பார். எங்க அத்தான் பாயச் சுருட்டிக் கையில குடுத்துருவார். நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்க.

அண்ணே, இந்த ரோட்டுல பஸ் வருமா? ... பன்னண்டேகாலா? இங்க நிக்குமா? ... கை காட்டினா நிப்பாட்டுவாங்களா? ... மூணரைக்குப் போயிரும்ல? ... போதும்ணே. அது போதும்.

... உன்கிட்டப் பேசல. ... பாப்பா, அந்த சர்டிபிகேட் பைய எடு. உன் புத்தகப் பையும் எடுத்துக்க. ... மத்தது வேணாம். ... டேபிள் ஃபேன் வேணாம்டா, எப்படித் தூக்குறது? ... பாத்திர மூட்டையும் இருக்கட்டும். ... வாங்கிக்கலாம்டா. ஒண்ணொண்ணா வாங்கிக்கலாம். அழக்கூடாது.

... வண்டி இங்கதான் நிக்கும். சாவிய காத்து அடிக்கிறவர்கிட்டக் குடுத்துட்டுப் போறேன். டிக்கியில குக்கர் இருக்கு, ரெண்டு போர்வை இருக்கு, எல்லாத்தையும் நீயே வெச்சுக்க. ... கோவத்துல சொல்லல. எனக்கும் வலிக்குது. எனக்குன்னு இருந்தது இந்த ஒரு வண்டிதான். இதுவும் என்னுது இல்லன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

... கெஞ்சாத. ... இல்ல, பிள்ளகிட்டச் சொல்ல மாட்டேன். ... சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். உனக்காக இல்ல. அவளுக்கு ஒரு அப்பா வேணும்ல, அதுக்காக.

... அண்ணே, அதுவா? ... அதேதானா? கை காட்டுங்கண்ணே, கை காட்டுங்க!

பஸ் வந்துருச்சு. வெக்கிறேன். ... எந்த ஊருக்கா? ... இப்பக் கேக்குறியா? ...

என்னடா? ... ஆமா, அப்பாதான் பேசுறார். ... ஆமா, இங்கதான் வர்றார். ... இல்லடா. நம்மளக் கூட்டிட்டுப் போக இல்ல. வண்டிய எடுத்துட்டுப் போக வர்றார். நீ ஏறு.