மறைத்துச் சொன்ன பாவம்

ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற மலை ரோடு. பனி... அதற்கு மேல் தூறல். ஈ காக்கை கிடையாது.

கிட்டே வந்து உட்காருங்கள். நம் தெருவுக்கு ஆராதனை முறை வர இன்னும் நேரமிருக்கிறது. பெரிய வியாழனும் அதுவுமாகப் பேய்க் கதையா என்று முகம் சுளிக்கிறவர்கள் கோயிலுக்குள் போய் முழங்கால் போடலாம். ஆனால் நாளைக் காலையில் ஃபாதர் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நிற்பது நல்லது. நடந்தது என் நண்பன் தீனதயாளனின் தங்கை புருஷனுக்கு. பெயர் ஜெயப்பிரகாஷ். லோடு வண்டி ஓட்டுகிறவன். நம்மைப் போல கோயிலுக்குப் போகிற ஆள்.

அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குகிறான். ஒரு வளைவில் செல்போன் வெளிச்சம் போட்டது. ஒரு கண் அங்கே போனது. டொம்... என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. கிழங்கு மூட்டை கீழே விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான். லைட் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் புடவை ஓரமாகப் போய் மறைந்தது. அப்புறம் பள்ளத்தில் ஜல்... ஜல்... ஜல்... என்று எதுவோ உருண்டு இறங்கிக்கொண்டே போனது. பெந்தெகொஸ்தே சபைகளில் பாட்டுக்குத் தட்டுவார்களே, சலங்கை வைத்த கஞ்சிரா. அது.

இறங்கி நின்றான். ரோட்டில் யாரும் இல்லை. நொச்சிப் புதர் நசுங்கிய வாடை குப்பென்று மேலே வந்தது. செல் லைட்டை அடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அப்போது கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா..."

நிதானமான குரல். பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி. கொஞ்சம் விட்டு மறுபடியும்...

"இங்க கெடக்கறங்கண்ணா."

ஜெயப்பிரகாஷ் வண்டியில் ஏறினான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். போய்விட்டான். பாவி, வேறென்ன சொல்ல.

அவள் பெயர் குஞ்சம்மாள். மலைக்காரி. கீழே சபையில் உபவாச ஜெபம் முடித்து, கடைசி பஸ்ஸில் ஏறி வந்து, இறங்கி ஊருக்கு நடந்துகொண்டிருந்தவள். ஆடு மேய்க்கிறவர்கள் கண்ணில் அவள் பட்டபோது நாலைந்து நாள் ஆகியிருந்தது. போலீஸ் அவள் புருஷன் முனியனைப் பிடித்துக்கொண்டு போனது. அவள் சபைக்குப் போவது அவனுக்குப் பிடிக்காது. 'இன்னொரு வாட்டி போனீனா மலையிலேந்து தள்ளி உட்டுருவேன்' என்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறான். வாயால் சொன்ன மாதிரியே பள்ளத்தில் பிணம் கிடந்தால் யார் நம்புவார்கள்? கொலைக் கேஸ். உள்ளே போட்டுவிட்டார்கள்.

ஜெயப்பிரகாஷ் வாயைத் திறந்தால் முனியன் வெளியே வந்துவிடுவான். திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கமும் இல்லை. கண்ணை மூடினால் கட்டிலுக்கு அடியில்... ஜல். திறந்தால் ஒன்றும் இருக்காது. நொச்சி வாடை மட்டும் இருக்கும்.

அவன் மனைவி தேவிப்ரியா கல்யாணத்துக்கு அப்புறம் சபையில் சேர்ந்தவள். ஒரு நாள் அவனை உலுக்கி எழுப்பினாள்.

"பெருசா இன்னாவோ தப்பு பண்ணிட்டு மறைக்கிற. எங்கிட்ட சொல்ல வேணாம். முட்டி போட்டு ஏசப்பா கிட்ட நேரா சொல்லு. அப்புறம் சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்லு. நெசமா மனந்திரும்புனவன் நாலு பேருக்கு முன்னால சொல்றதுக்குப் பயப்பட மாட்டான்."

"எங்க கோயில்ல அப்புடி இல்ல. ஃபாதர் கிட்ட சொன்னாத்தான் மன்னிப்பு. அவுரும் வெளிய சொல்ல மாட்டாரு."

"ஃபாதரு இன்னா கடவுளா?"

"ஒங்க பாஸ்டரு மட்டும்?"

அந்த வீட்டில் வருஷக் கணக்காக ஓடுகிற சண்டை அது. அன்றைக்கு அவன் ஃபாதர் பக்கம் சாய்ந்ததற்கு விசுவாசம் காரணமில்லை. சபையில் சொன்னால் பொழுது சாய்வதற்குள் போலீசுக்குத் தெரிந்துவிடும். தொட்டியில் சொன்னால் தொட்டியோடு போய்விடும். அதிலும் அவள் கூப்பிட்ட சங்கதியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டான். அதைச் சொன்னால் ஃபாதர் சும்மா விடுவாரா? தெரிந்தே ஒரு பாவத்தை மறைத்தால் மொத்தப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது என்று சின்ன வயதில், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் பாடம் படித்தபோதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தும் யார்தான் ஒன்றிரண்டை முழுங்காமல் வருகிறோம்? சிரிக்காதே சவரியம்மா, உன்னைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போனான். நல்ல மழை. கரண்டு இல்லை. கோயிலில் ஒருவரும் இல்லை. தொட்டியின் திரை மூடியிருந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுகிற சத்தம். முழங்கால் போட்டான்.

"ஆசீர்வதியுங்க ஃபாதர். வண்டியில ஒரு பொம்பளய இடிச்சிட்டேன். மலை ரோட்டுல. வேணும்னு பண்ணலீங்க."

உள்ளேயிருந்து குசுகுசுவென்று பதில் வந்தது. குசுகுசுவென்று பேசும்போது ஆணா பெண்ணா என்று தெரியாது இல்லையா...

"உசுரு இருந்துச்சா?"

"ஒடனே போயிடுச்சுங்க."

"கூப்புடல?"

"இல்லீங்க ஃபாதர்."

மழைச் சத்தம் மட்டும். பலகையின் ஓட்டைகள் வழியே ஒரு வாடை மெல்ல இந்தப் பக்கம் வந்தது. நொச்சி.

"அண்ணான்னு... கூப்புடல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடைசி வாய்ப்பு அது. பயத்தில் நாக்கு பழகின பொய்யையே சொன்னது.

"இல்லீங்க."

"சரி. இனிமே இத ஒன்னால யார்கிட்டயும் சொல்ல முடியாது."

அப்புறம் மூச்சுச் சத்தம் நின்றுபோனது.

பின்னால் கோயில் கதவு திறந்தது. ஃபாதர். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்.

"அட, ரொம்ப நேரமா முட்டி போட்டுக்கினு இருக்கியா? டவுன்ல மாட்டிக்கினேன்பா. இரு, வந்துட்டேன்."

திரையை விலக்கினார். உள்ளே யாரும் இல்லை. நாற்காலி நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று முணுமுணுத்துவிட்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெயப்பிரகாஷுக்கு அந்த நிமிஷம்தான் நிஜமாகவே சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒன்றையும் மறைக்காமல், கூப்பிட்டது உட்பட, எல்லாவற்றையும். வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சொல்லுப்பா," என்றார் ஃபாதர். "இன்னா, பேச்சையே காணோம்?"

"தண்ணி வேணுங்க ஃபாதர்," என்றான். அது கணீரென்று வந்தது. டயர் விலை வந்தது, டீசல் விலை வந்தது. குஞ்சம்மாள் பக்கம் போனால் மட்டும் குரல் செத்துவிடும். எழுதிக் காட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பேனாவைப் பிடித்தான், விரல்கள் கட்டையாகி நின்றன. அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

தேவிப்ரியா சொன்ன வழிக்கும் போனான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றான். குஞ்சம்மாளும் வந்துகொண்டிருந்த சபை அது. முன் வரிசைப் பெண்களுக்கு நடுவில் குஞ்சம்மாள் வழக்கமாக உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடி வாயை அசைத்தான். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, குரல் இல்லை. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டினார்கள். தேவிப்ரியா சந்தோஷத்தில் அழுதாள். அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். குடித்துவிட்டு வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான் என்று விரட்டிவிட்டார்கள்.

கேஸ் கோர்ட்டுக்கு வரப்போகிறது. முனியனுக்கு ஆயுள் தண்டனை நிச்சயம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜெயப்பிரகாஷுக்குப் போக ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஜெயிலுக்கு மனுப் போட்டு, சொந்தக்காரன் என்று பொய் சொல்லி, முனியனைப் பார்க்கப் போனான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முனியன் வந்து நின்றான். இளைத்திருந்தான். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகம். ஜெயப்பிரகாஷ் வலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் இல்லை.

முனியன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"கஷ்டப்படாத. நீ யாருன்னு தெரியும். அது சொல்லிச்சு."

ஜெயப்பிரகாஷ் வலையிலிருந்து கையை எடுத்தான்.

"தெனம் ராத்திரியில வருது. பக்கத்துல குந்திக்கினு பேசுது. உசுரோட இருந்தப்ப எங்கிட்ட இவ்ளோ பேசுனதே கெடையாது. நான் எங்க பேச உட்டேன்? எப்பப் பாரு சண்ட." முனியன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நேத்து கேட்டுச்சு. அவன் அழுவுறான், போதும், வாயத் தொறந்து உட்டுரட்டுமா, நீ வூட்டுக்குப் போலாம்னு. நான் வேணான்னுட்டேன்."

ஏன் என்று கேட்க ஜெயப்பிரகாஷுக்குக் குரல் இருந்தது. கேட்டான்.

"நீ சொல்லிட்டன்னா அதுக்கு இங்க இன்னா வேல? போயிடும். அப்புறம் வராது." வலைக்கு நெருக்கமாக வந்தான். கண் கலங்கியிருந்தது. "சொல்லாத. ஒன்ன கையெடுத்துக் கும்புடறேன், எப்பவும் சொல்லாத."

நேரம் முடிந்தது என்று வார்டன் சத்தம் போட்டார். ஜெயப்பிரகாஷ் நகர முடியாமல் நின்றான். முனியன் திரும்பிப் போய், சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். நடுவில் உட்காரவில்லை. ஒரு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தான். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, மெல்லத் தலையாட்டினான்.