பேழைக்குள் இருந்த எலும்பு

வெள்ளி துலக்கப் பழப்புளிதான் திறம், சுவாமி. முப்பத்தொரு வருசம் இந்தக் கோயிலைப் பாக்கிற மூப்பரா இருந்து படிச்சது அது. நீங்கள் பங்குக்குப் புதுசா வந்து பேழையைத் திறந்து பாத்திட்டியள், அதால மிச்சத்தையும் சொல்லுறன்.

போத்துக்கீசர் காலத்து வெள்ளிப் பேழை. உள்ளுக்கை அர்ச்சியரின்ர, எங்கட கோயில் புனிதரின்ர, விரல் எலும்பு. பாம்பு கடிச்ச ஆக்களைக் கொண்டுவந்தால், எலும்பைப் புதுச்சட்டித் தண்ணியில தோய்ச்சு, வேப்பங்கொத்தால தெளிச்சுப் பருக்குவன். பிறகு ஒரு மெழுகுதிரி கொளுத்துவம். அது எரிஞ்சு முடியுமட்டும் கடிபட்டவர் கோயில் வாசல் தாண்டக்கூடாது. சைவ சமயக்காரரும் வருவினம்.

அறுபத்தெட்டாம் ஆண்டு திருநாளுக்கு முதல் எலும்பைக் கழுவி யன்னலில காய வைச்சனான். காகம் தூக்கிக்கொண்டு போயிட்டுது. சனத்துக்கு எப்பிடிச் சொல்லுறது? அண்டைக்குப் பாத்து எங்கட வீட்டில ஆட்டிறைச்சிக் கறி. அளவான எலும்பொண்டை அராவி, தேயிலைச் சாயத்தில ஊறவைச்சு உள்ளுக்கை வைச்சனான். மூண்டு வருசம் ஒருத்தருக்கும் தெரியேல்லை. சில பேர் சுகப்பட்டும் போயிருக்கினம்.

பிறகுதான் நானாட்டானில இருந்து இரத்தினமும் பெண்சாதி சிவக்கொழுந்தும் மகளை உழவு மெசினில கொண்டு வந்தினம். வயலுக்கை பாம்பு கடிச்சது. எட்டு வயசு. மன்னார் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வந்திருக்கினம், எங்கட எலும்பை நம்பி. நான் வழமைபோலச் செய்தனான். திரி பாதி எரிய முந்திப் பிள்ளைக்குக் கண்ணிமை சரிஞ்சு போச்சுது. இரத்தினம் மெசினை நிப்பாட்டாமல் விட்டிருந்தவர்.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டோ?"

அங்க போய்ப் பிள்ளை தப்பினால் ஊர் எலும்பைப் பற்றிக் கதைக்கும், ஆயரில்லத்தில இருந்து பாக்க ஆள் வரும். "நம்பிக்கை இல்லாட்டிக் கொண்டு போங்கோ" எண்டனான். அன்பாத்தான் சொன்னனான். அவர் போய் மெசினை நிப்பாட்டிப்போட்டு வந்து முழங்காலில நிண்டார்.

திரி முடிய முதல் பிள்ளை செத்துப்போச்சுது. எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு, சுவாமி. தாயைவிட நான்தான் கூட அழுதனான், கேட்டுப் பாருங்கோ. ஒருத்தரும் என்னை ஏசேல்லை.

ஒரு மாசத்தால சிவக்கொழுந்து தனிய வந்தா. அண்டைக்கு ஆஸ்பத்திரியைக் கடக்கேக்கை, இறங்குவமோ எண்டு ஒருக்கா மனசுக்கை நினைச்சவவாம்.

"அந்த நினைப்பாலதானோ ஐயா என்ர பிள்ளை போனது?"

பதிலில்லாமல் அந்த மனுசியை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. "ஓம் பிள்ளை, அதாலதான்" எண்டு சொல்லி அனுப்பினனான்.