வால்வுக் குழி

எண்ணெய் ஊறிய மண்ணைக் கழுவிச் சுத்தம் செய்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள், ஐயா. அப்படி இல்லை. தோண்டி எடுத்து, விரிப்பின் மேல் பரப்பி, உரமும் தண்ணீரும் கொடுத்து, மாதக்கணக்கில் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணிலுள்ள கிருமிகள் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். பொறுமை வேண்டிய வேலை. எனக்குப் பொறுமை உண்டு.

மூடிப்போன அந்த எரிபொருள் கிடங்கில் மண்ணைச் சுத்தம் செய்ய வந்த நிறுவனத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி. அந்தப் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நாங்கள் குடியிருந்த வீடு. என் மகள் பிறந்ததும் அங்கேதான். ரத்தத்தில் புற்று வந்து போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர் என் அண்ணன். அப்போது கிடங்கின் மேலாளர் அவர்.

“கிணத்துத் தண்ணியில ஒரு மாதிரி வாடை வருது, மாமா” என்று என் மனைவி சொன்னபோது அவர் சிரித்தார்.

“தெருவே குடிக்குது. உனக்கு மட்டும் மூக்கு அவ்வளவு நீளமாம்மா?”

நாங்களும் சிரித்தோம். அண்ணன் சொன்னால் எங்களுக்கு மறுபேச்சு கிடையாது. அண்ணியின் சமையலறையில் எப்போதும் கேன் தண்ணீர்தான் இருக்கும். வசதியானவர்கள், அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி டாங்க் இருந்த இடத்தைத் தோண்டும்போது மண் கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. நடுவே ஒரு குழாய். அதில் இரும்புப் பட்டையை இறுக்கி, மேலே தார்த்துணி சுற்றியிருந்தது. பட்டையே துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதாவது, என்றைக்கோ யாரோ தோண்டிப் பார்த்து, ஒட்டுப் போட்டு, மறுபடி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். மேலாளருக்குத் தெரியாமல் அங்கே ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

“ஆமாடா, ஒழுகுச்சு. மேல சொன்னா அன்னைக்கே கிடங்கை இழுத்து மூடியிருப்பாங்க. அத்தனை குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.”

“அப்போ பாப்பா, அண்ணே?”

“அது விதிடா. நானா கொண்டுபோய் ஊத்தினேன்? காபி ஆறுது, குடி.”

குடித்தேன். நல்ல காபி. நல்ல தண்ணீர்.

கோபமா என்று கேட்டீர்கள். ஊசி குத்த இடமில்லாமல் என் மகளின் கை நீலம் பாரித்துக் கிடந்தபோது, கட்டிலருகே உட்கார்ந்து அவளுக்கு யானைக் கதை சொன்னவர் அண்ணன். அந்தக் கையைத் தடவிக்கொண்டே சொன்னார். எதனால் அந்தக் கை அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டே சொன்னார். அவள் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போதும் என் பற்கள் நறநறக்கின்றன.

“ஒரு குழாய் எங்க போகுதுன்னே புரியலைண்ணே. வந்து காட்டுங்க” என்று கூப்பிட்டேன். மாப்பிள்ளை மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

குழாய்கள் சேருமிடத்தில் வால்வுக் குழி இருக்கிறது. ஆளை முழுங்கும் ஆழத்தில் ஒரு சிமென்ட் தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே ஏறி வராது. தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். அதனால் குழிக்குள் காற்றைச் செலுத்த ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். காலையிலேயே அதை நிறுத்தியிருந்தேன். ஆவியை அளக்கும் மீட்டர் என் வண்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

“இறங்கலாமாடா? மூச்சு முட்டாதே?”

“இப்பத்தான் பார்த்தேண்ணே. நல்ல காத்துதான்.”

நம்பினார். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். ஏணியின் கடைசிப் படியில் என்னை அண்ணாந்து பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். முழங்கால்கள் மடங்கின.

மண் அள்ளும் இயந்திரத்தின் உயரமான இருக்கையிலிருந்து டிரைவர் அதைப் பார்த்துவிட்டான். அவனை எல்லோரும் அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். “பெரியவர் விழுந்துட்டாரு சார்” என்று குதித்து ஓடிவந்தான். என்னை உரசிக்கொண்டுதான் குழிக்குள் இறங்கினான். கையை நீட்டியிருந்தால் சட்டை அகப்பட்டிருக்கும். விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவனும் பிழைக்க மாட்டான் என்று தினமும் காலையில் ஆட்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். ஆனால் உள்ளே ஆவி இருக்கிறது என்று சொல்லித் தடுத்தால், மற்றவர்கள் மின்விசிறியைப் போட்டுவிடுவார்கள். அண்ணனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனைக் கொன்றவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த டிரைவரையும் ஏன் இதில் சேர்க்கிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கிடங்கு வாசலில் அவன் மனைவி மண்ணை வாரித் தூற்றி என் குலத்தையே சபிக்கிறாள் என்கிறீர்கள். வயிறு எரிகிறவள், அப்படித்தான் பேசுவாள். அவளிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. அவனை நான் ஒன்றுமே செய்யவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் நின்றேன், அவ்வளவுதான்.