அந்தோனியார் அடக்கிய பெல்ட்

கோடி அற்புதர் என்று உமது கொடியில் எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தோனியாரே. கோடி! அதில் ஒன்றே ஒன்று என் வண்டிக்குச் செய்ததாகப் பெயர். அதுவும் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை என்றால், மற்றவற்றின் தரத்தைப் பற்றி நான் என்ன நினைப்பது? சொல்லும். சொல்ல மாட்டீர். தாராவியிலிருந்து செம்பூர் வரை வாயே திறக்காதவர், இப்போது மட்டும் திறக்கவா போகிறீர்?

உமக்கென்ன! பழைய பிக்கப்பின் பின்பக்கத்தில், நீல பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு, கையில் குழந்தையோடு சொகுசாக நிற்கிறீர். நான் முன்பக்கத்தில் பானட்டைத் தூக்கி வைத்து, அறுபத்தெட்டு வயதில், எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். மாலை ஆறு மணிக்கு அம்பர்நாத்தில் உமது கொடியேற்றம். இப்போது மணி மூன்றரை. கொடி ஏறும்போது நீர் பீடத்தில் இல்லையென்றால், அடுத்த ஆண்டு முதல் உம்மைச் சுமக்கும் உரிமை இந்தக் கபிரியேலுக்கு இல்லை. பதின்மூன்று ஆண்டுகள்... ஒவ்வோர் ஆண்டும் தாராவிக்குக் கொண்டுவந்து, வண்ணம் பூசி, திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

வண்ணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஆண்டு உமக்குப் பூசியவன் பிள்ளையார் சிலைகளுக்குப் பூசுகிறவன். அதனால்தான் கன்னமெல்லாம் ரோஸ். உதட்டிலும் சிவப்பு சற்றே அதிகம். என் மனைவி சேசம்மாள் பார்த்துவிட்டு, "ஏங்க, புனிதரு கல்யாணத்துக்குப் பொறப்பட்ட மாதிரில்லா இருக்காரு" என்றாள். பக்தி உள்ளவள்தான். உம்மீது. என்மீதுதான் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். இதோ, இந்தக் கையைப் போன்ற இரும்பு இருக்கிறதே, இதன் நுனியில் சுழல்வதுதான் டென்ஷனர் புல்லி. பெல்ட் தொய்ந்து போகாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வது. இதன் பேரிங் தேய்ந்துவிட்டால் புல்லி ஆடும். புல்லி ஆடினால் பெல்ட் கத்தும். இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வண்டியையும் நானே கற்றேன், தமிழையும் நானே கற்றேன். பங்குக் கோயிலில் ஞாயிறு மன்றாட்டுகளைப் பிழையின்றி எழுதித் தருகிறவன் யார்? ...ஏ, சனியனே! வழுக்குதுலே ஸ்பானரு! ...மன்னியும். உம்மைச் சொல்லவில்லை. மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் திருவிழா வைத்துக்கொள்ளச் சொன்னது யார்?

போன ஆண்டு ஊர்வலத்தில் இந்தப் பெல்ட் கத்திய கத்தலை நீரே கேட்டீர். பங்குத்தந்தை ஜெபம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் என் வண்டி 'கீஈஈச்' என்று ஆமென் போட்டது. அன்றே திருவிழாக் குழுத் தலைவர் ஜோசப்ராஜ் முடிவெடுத்துவிட்டார். "அண்ணாச்சி, அடுத்த வருசம் ஸ்டெர்லினோட புது வண்டியில புனிதரை ஏத்திருவோம். ஏசியெல்லாம் இருக்கு" என்றார். ஏசி! பிளாஸ்டர் சிலைக்கு! உமக்கு வியர்க்கிறதா?

அதன்பிறகு என்ன ஆயிற்று? கடந்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, உமது நவநாள் அன்று, வண்டி திடீரென்று கத்துவதை நிறுத்திவிட்டது. நான் நன்றியறிதல் எழுதினேன். இரண்டு பக்கம். "ஓலமிட்ட இயந்திரத்தை ஒரே இரவில் ஊமையாக்கிய அருளாளரே" என்று தொடங்கும். பீடத்தருகே நின்று நானே வாசித்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். புனிதரே தமது வண்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட பிறகு ஜோசப்ராஜ் என்ன பேச முடியும்? புது வண்டிப் பேச்சை விட்டுவிட்டார். ஸ்டெர்லினுக்கு ஆறுதலாக மைக் செட்டை ஏற்றிவரும் வேலையைக் கொடுத்தார்கள். பின்னால் வருவான். வரட்டும், மெதுவாக வரட்டும்.

...போன் அடிக்கிறது. ஜோசப்ராஜ்தான். சற்று இரும்... "ஆங், தலைவரே! முலுண்டு தாண்டியாச்சு. ஆமாம், ஆமாம். வண்டி பஞ்சு மாதிரி போகுது. புனிதர் சுகமா இருக்கார்." ...அப்படிப் பார்க்காதீர். செம்பூரில் நின்றுகொண்டு முலுண்டு என்றேன், சரி; நீர் சுகமாக இருப்பது உண்மைதானே? பாதி உண்மை.

பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். பழைய புல்லியைப் பாரும், கடகடவென்று ஆடுகிறது, பால் பல் போல. புதியது முன்னால் டப்பாவில் தயாராக இருக்கிறது. எப்போது வாங்கியதா? அது... அது மூன்று வாரம் ஆகிறது. மெக்கானிக் கணேசபாண்டியன்தான் வாங்கி வரச் சொன்னார். "அண்ணாச்சி, பெல்ட்டு சும்மா கத்தல, ஒம்மகிட்ட கெஞ்சுது. புல்லிய மாத்தும், அரை மணி நேர வேலை" என்றார். வாங்கினேன். மாட்டத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் அற்புதம் நடந்துவிட்டதே! அற்புதம் நடந்த வண்டிக்குப் புதுப் புல்லி மாட்டினால், பார்க்கிறவன் என்ன கேட்பான்? சேசம்மாளே கேட்டாள்: "அந்தோனியாரு சரியாக்கின வண்டிக்கு எதுக்குங்க சாமானு?" தெரு முழுவதும் கண். நம் தெருவில் பானட்டைத் தூக்கினால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் புல்லி டப்பாவிலேயே இருந்தது.

போல்ட்... போல்ட் எங்கே? இப்போது கையில் இருந்ததே! அட, கீழே விழுந்த சத்தமும் கேட்கவில்லையே. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் நீர்தான் என்று எனக்குத் தெரியும். கேட்க மாட்டேன். உம்மோடு நான் கோபமாக இருக்கிறேன்... ரேடியேட்டருக்குக் கீழும் இல்லை... செருப்புக்கு அடியிலும் இல்லை... சரி, கேட்டுத் தொலைக்கிறேன். எங்கே?

என்ன அது, கண்ணைக் காட்டுகிறீரோ? போல்ட்டுக்கு முன்னால் என் மனச்சாட்சியைத் தேடச் சொல்கிறீரோ? நல்ல பேரம். ஒரு போல்ட்டுக்கு ஒரு பாவசங்கீர்த்தனம். சரி. யாரும் இல்லாத இடம்தான், சொல்கிறேன். அற்புதம் நீர் செய்யவில்லை. நான் செய்தேன். செவ்வாய்தோறும் உமது பீடத்தில் எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சுரண்டி எடுப்பவன் நான்தானே? அதில் ஒரு பை நிறைய எடுத்துவந்து, பெல்ட்டின் உள்பக்கம் முழுவதும் தேய்த்தேன். சத்தம் நின்றது. நானே வியந்துபோனேன். உமக்காக ஏற்றிய மெழுகு ஆதலால் ஒரு வகையில் நீர் செய்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளே புல்லி தேய்ந்துகொண்டே இருந்தது. கத்தி எச்சரித்ததன் வாயில் மெழுகை அடைத்தவன் நான். இன்று மழை ஈரம் பட்டதும்... ஊம்.

ஏன் வண்டியை ஆட்டுகிறீர்? அசையாமல் நில்லும்! பின்னால் எவனோ கொண்டுவந்து நிறுத்துகிறான் போலிருக்கிறது. ஏய்! ஆகே ஜாவ், ஆகே! இங்கே நிறுத்தாதே! காதில் விழுந்தால்தானே.

...அட! சட்டைப் பையில்! போல்ட் என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. சொன்னதும் கொடுத்துவிட்டீர். ஏமாற்றுக்காரர் இல்லை நீர், ஒப்புக்கொள்கிறேன். இதோ முறுக்குகிறேன்... இதோ பெல்ட் ஏறியது... இனி கையை விடுகிறேன்... பிடித்துக்கொண்டது! ஸ்டார்ட் செய்கிறேன், கேளும். கேட்கிறதா? ஒன்றுமே கேட்கவில்லையா? அதுதான்! மெழுகு இல்லாத அமைதி, உண்மையான அமைதி! எப்படியும் ஆறு மணிக்குள்... பானட்டை மூடிவிட்டு வருகிறேன், உமது பிளாஸ்டிக்கை இழுத்துக் கட்ட வேண்டும்...

அந்தோனியாரே?

எங்கே போனீர்? கயிறு இருக்கிறது. வைக்கோல் இருக்கிறது. பிளாஸ்டிக்கை மடித்து வைத்திருக்கிறார்களே!

போனில் குரல் செய்தி. ஸ்டெர்லின். "பெரியப்பா, நீங்க யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தீங்க, டிஸ்டர்ப் பண்ண வேண்டாம்னு புனிதரை நாங்களே ஏத்திக்கிட்டோம். டைமுக்குச் சேத்துருவோம், டென்ஷன் ஆவாதீங்க. முன் சீட்டுல ஒரு மெழுகுவர்த்தி வச்சிருக்கேன். வழியில பெல்ட்டு கத்துச்சுன்னா..."

பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள்.

இருக்கிறது. முன் இருக்கையில்தான் வைத்திருக்கிறான். புத்தம் புதியது, திரிகூடக் கருகவில்லை.

இனி இந்த வண்டி நூறு ஆண்டு கத்தாமல் ஓடினாலும், நான் புல்லி மாட்டினேன் என்று அம்பர்நாத்தில் ஒருவன் நம்புவானா? போகிறேன். பின்னாலேயே போகிறேன், வேறென்ன. ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், ஐயா. ஏசியில் உட்கார்ந்து போகிறவரே, உம்மைத்தான். நாலு பேர் வந்து உம்மைத் தூக்குகிறார்கள், நான் இங்கே என் மானத்தை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்... நீர் ஒரே ஒரு தடவை கனைத்திருக்கக் கூடாதா?